மரத்தில் படர்ந்த இலை லைக்கன்: சுரண்டலாமா, விடலாமா?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டிய பழைய காட்டு மரங்களில் சாம்பல் கலந்த பச்சையில் இலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. அது மண்டிய கிளைகள் சில பட்டுப்போகின்றன. சுரண்டிவிட்டு மருந்து அடிக்கலாமா? அந்த மரங்களையே வெட்டிவிட்டுப் புதிதாக நடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

அது இலை லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது, பூஞ்சை அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டுமே. ஓர் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள், அடியில் மெல்லிய இழைகள் தெரியும். அவை வேர் அல்ல. வெளிப்பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

அப்புறம் ஏன் பட்ட கிளையில் அதிகம்? இலை கொட்டிய கிளையில் வெளிச்சம் விழுகிறது, லைக்கன் செழிக்கிறது. கிளை நலிந்தது முதலில், லைக்கன் பெருகியது பிறகு. நோயைத் தேடுவதானால் கீழே தேடுங்கள்: வேரடியில் நீர் தேங்குகிறதா, மண் இறுகிவிட்டதா, அடிமரத்தில் காளானோ புழுத் துளையோ இருக்கிறதா?

காய்ந்து மொரமொரப்பாக இருக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் மெத்தென்றாகி, பல இனங்கள் பளிச்சென்று பச்சை பிடிக்கும். செத்தது போலக் கிடந்தது ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

சரி, பழைய காட்டுக்கு இதனால் என்ன லாபம்? லொபேரியா போன்ற சில இலை லைக்கன்களில் நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசியும் குடியிருக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். வட அமெரிக்காவின் வடமேற்கில், டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரங்களின் கிளைகளில் லொபேரியா ஒரிகானா கொத்துக் கொத்தாக வளர்கிறது. காற்றிலும் மழையிலும் உதிர்ந்து மட்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்கு வந்து சேர்கிறது. காசில்லாத உரம்.

ஆனால் அது அங்கே பெருக ஏறக்குறைய 200 வயதான காடு வேண்டும். இளமரம் அதற்குப் பிடிக்காது என்றுதான் தோன்றும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், இளங்காட்டுக் கிளைகளில் அதன் துணுக்குகளை வைத்தபோது அங்கும் பிடித்து வளர்ந்தன. இடத்தில் குறையில்லை, வந்து சேர்வதுதான் பாடு. அது பரவுவது பெரும்பாலும் உடைந்த துண்டுகளால், அவை வெகுதூரம் போவதில்லை. எல்லா முதிய மரங்களையும் வெட்டினால் புதுக்கன்றுகளுக்கு லைக்கன் வர வழியே இருக்காது.

ஆகவே, வெட்டியே தீரவேண்டிய நிலை வந்தாலும் முதிய மரங்களில் சிலவற்றைத் தனித்தனியாக அல்லாமல் கூட்டமாக விட்டுவையுங்கள். ஒற்றை மரம் காற்றில் உலர்ந்துபோகும், லைக்கனும் சுருங்கும். இளமரங்கள் அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே வளரட்டும். தலையில் விழும் ஆபத்துள்ள பட்ட கிளையை மட்டும் தாராளமாக அறுக்கலாம். அறுத்ததை எரிக்காமல் அங்கேயே நிழலில் போட்டுவிடுங்கள்.