வால்யூம் ஏழில் இருக்கட்டும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம்ங்க. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காலேஜில் கிட்டார் பழகியது, அப்புறம் தொழில், கல்யாணம், குழந்தைகள் என்று விட்டுப்போய், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மறுபடி எடுத்தேன். இத்தனை வருசமும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) மாதிரியில் ஒரு விலை குறைந்த கிட்டார்தான். அதில் சத்தத்தையும் தொனியையும் மாற்றுகிற நாப்களைத் திருகியதே இல்லை, எல்லாம் முழு அளவான பத்தில் நிற்கும். போன மாசம் மூன்று லட்சத்துக்கும் மேல் கொடுத்து கிப்ஸன் லெஸ் பால் மாடர்ன் வாங்கினேன். நாலு நாப், நாலையும் மேலே இழுக்கவும் முடிகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மெலிந்து மூக்கில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நாள் எதைத் திருகினாலும் ஒன்றும் மாறவில்லை, பழுது என்று பயந்தேன், மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. சில நேரம் உர் என்று இரைச்சல் வேறு. உண்மையைச் சொன்னால் பழைய கிட்டார்தான் கைக்கு இதமாக இருக்கிறது. இவ்வளவு பணம் போட்டு இதையா வாங்கினீங்க என்று வீட்டில் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

ம., கணபதி, கோவை

அன்புள்ள ம.,

கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கிட்டாரில் பழுது எதுவும் தெரியவில்லை. மூன்று தொல்லையும் அந்த இழுக்கிற நாப்களில் இருந்து வருகிறவை, நீங்கள் கவனிக்காத நேரத்தில் ஏதோ ஒன்று மேலே வந்திருக்கிறது.

உங்களைப் பயமுறுத்தியதை முதலில் சொல்கிறேன். லெஸ் பால் மாடர்னில் டோன் நாப் ஒன்றை இழுத்தால் பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில், வால்யூம், டோன், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் எதையும் தொடாமல் நேராகக் கேபிள் செருகும் ஜாக்குக்குப் போய்விடும். ப்யூர் பைபாஸ் என்று பெயர். அந்த நிலையில் மற்றதை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது, அதன் வேலையே அதுதான். மெதுவாக ஒரு ரிதம் வாசித்துக்கொண்டிருப்பவர் சட்டென்று சோலோவுக்குத் தாவ ஒரே இழுப்பு போதும் என்பதற்காக வைத்தது. மறுநாள் துடைக்கும்போதோ எடுத்து வைக்கும்போதோ அது அமுங்கியிருக்கும், உங்களுக்குத் தானாகச் சரியானது போல் தெரிந்திருக்கிறது.

மெலிந்து போவது இன்னொரு டோன் நாப்பின் வேலை. அதை இழுத்தால் ஒரு பிக்கப்பின் ஃபேஸ் திரும்பிவிடும், அதாவது காயிலின் இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்தது போல. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முனையை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவர் நீங்கள். சுவிட்ச் நடுவில் இருந்து இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் அது காதில் விழும், அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிட்டு மேல்தொனி மட்டும் மிஞ்சும். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் நாப் மேலே இருந்தாலும் வித்தியாசம் தெரியாது, உங்களுக்கு அது வந்து வந்து போனதற்குக் காரணம் இதுதான்.

அந்த உர் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் தொழிலோடு ஒட்டியது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய காயில்தான், நீங்கள் பம்ப் மோட்டாருக்குச் சுற்றும் அதே எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஆனால் 0.063 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தது, ஏறக்குறைய தலைமுடி அளவுதான். 1952-ல் லெஸ் பால் மாடல் வந்தபோது அதில் ஒற்றைக் காயில் பிக்கப்கள் இருந்தன. அவை கம்பியின் அதிர்வோடு சேர்த்து அறையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) அனுப்பும். கிப்ஸனில் இருந்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஏற்பாடு எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். பக்கத்தில் இன்னொரு காயில், அதன் காந்தம் எதிர்த் துருவம், இணைப்பும் எதிர்த் திசை. கம்பியின் அதிர்வுக்கு இரண்டு மாற்றமும் சேர்ந்து மறுபடி ஒரே திசையாகிவிடுவதால் அது கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் ஒரு பொருட்டில்லை, அதற்குத் திசை மட்டும் திரும்புகிறது, அதனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஹம்பக்கர் என்ற பெயரே அதனால் வந்தது, 1957-ல் லெஸ் பாலிலும் ஏறியது. உங்கள் வால்யூம் நாப்பை இழுத்தால் அந்த இரண்டில் ஒரு காயிலின் வேலையை நிறுத்தி, பழைய ஒற்றைக் காயில் ஒலியைக் கேட்கிறீர்கள், கண்ணாடி மாதிரி தெளிவாக, கொஞ்சம் மெல்லிசாக இருக்கும். கூடவே நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் திரும்பி வரும். பட்டறைக்கு மேல்மாடியில் வாசிக்கிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, அது இயல்பு, கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு பிளக் பாயின்ட்டையும் எர்த்தையும் பாருங்கள்.

சரி, இனி எப்படிப் பழகுவது. நாலு நாப்பையும் கீழே அமுக்கிவிட்டு, சுவிட்சை ஒரே பக்கம் வைத்து, சில வாரங்களுக்கு இழுக்கிற விஷயத்தையே மறந்துவிடுங்கள். வால்யூம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கிட்டார் வாசிக்கிற பெரும்பாலானவர்கள் நீங்கள் செய்வதைத்தான் செய்கிறார்கள், கிட்டாரில் எல்லாம் பத்து, மிச்சத்தை ஆம்ப்பிலும், காலால் அமுக்கி ஒலியை மாற்றும் பெடலிலும் பார்த்துக்கொள்வது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர். கிட்டார் வால்யூமை ஏழில் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த ஒலி வரும்வரை ஆம்ப்பைத் திருகுங்கள். கொஞ்சம் கரகரப்பு எட்டிப்பார்க்கிற இடத்தில் ஆம்ப்பை நிறுத்திவிட்டு, அப்புறம் ஆம்ப் பக்கமே போகாதீர்கள். இப்போது பத்துக்குத் திருகினால் கனமாக உறுமும், நாலுக்கு இறக்கினால் சுத்தமான ஒலி, நடுவில் எத்தனையோ படிகள். மாரியம்மன் நோம்பிக்கு வருகிற ஆர்க்கெஸ்ட்ராவில் நல்ல கிட்டார்க்காரர் ஒருவர் இருந்தால் அவர் விரல்களையே பாருங்கள். பல்லவிக்குப் பாடகர் வாய் திறக்கிறதற்கு முன் சுண்டுவிரல் வால்யூமை இறக்கியிருக்கும், இடையிசை வந்ததும் ஏற்றியிருக்கும், குனிந்து பெடலைத் தேட அவருக்கு நேரம் கிடையாது. ஸ்ட்ராட்டில் அந்த நாப் கைக்கு அடியிலேயே இருக்கும், லெஸ் பாலில் தள்ளி இருக்கிறது, எட்டாது போல இருக்கும். சங்கடமாக இருந்தாலும் பாட்டு நிற்காமல் கை போய் வரப் பழகவேண்டும், எனக்கு இதுதான் எந்த ஸ்கேல் பயிற்சியையும் விட முக்கியமாகப் படுகிறது.

வால்யூமை இறக்கும்போது ஒலி மங்கினால் திகைக்க வேண்டாம். நாப்பின் மின்தடையும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து மேல்தொனியை வடிகட்டுகின்றன, கேபிள் நீளம் கூடக்கூட இது கூடும். வீட்டுக்குப் பத்தடி கேபிள் தாராளம்.

டோன் நாப்பையும் இதே போலத்தான், ஆனால் அதை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கத்து பிக்கப், ஆம்ப்பில் நல்ல கரகரப்பு, டோன் முழுக்க சைபர். 1960-களில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இப்படி வைத்து வாசித்த ஒலிக்கு வுமன் டோன் என்று பெயரே விழுந்துவிட்டது, புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் வரும். நம் பாட்டுகளின் கமகத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும், மோகனத்தில் ஆரம்பியுங்கள்.

பழைய கிட்டார் இதமாக இருப்பதில் தப்பே இல்லை. ஸ்ட்ராட் வகையில் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. கழுத்தில் இருக்கும் ஃப்ரெட் கட்டைகளின் இடைவெளி நெருங்குகிறது, கம்பியின் இழுவிசை குறைகிறது, விரல் பழைய கணக்கிலேயே போய் அழுத்துவதால் சுருதி லேசாக ஏறிவிடும். அது தவிர கப்பலிலோ விமானத்திலோ வந்த கிட்டார், பங்குனி சித்திரை வெயிலில் வறண்டு, ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரத்தில் ஊறினால் அதன் கழுத்து கொஞ்சமாவது வளையும். அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து ட்ரஸ் ராடும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) கம்பி உயரமும் பார்த்து செட்டப் செய்துகொள்ளுங்கள். இது இல்லாமல் எந்த விலை கிட்டாரையும் எடைபோடக் கூடாது. வைக்கிற அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது, மொட்டைமாடி ஷீட் ரூமில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்று லட்சம் எதற்குக் கொடுத்தோம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? பத்தில் வைத்து வாசித்தால் அந்தப் பணத்துக்குப் பெரிய வித்தியாசம் கேட்காது, அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நல்ல கிட்டாரின் அருமை மூன்றிலும் ஐந்திலும் தெரியும், ஒலி குறையும்போதும் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரிந்து நிற்கும், கம்பியை இழுத்து விட்டாலும் சுருதி வந்து அதே இடத்தில் உட்காரும். மூடிய அறையில் தனியாக வாசிக்காமல் ஹாலில் உட்கார்ந்து வால்யூமைக் குறைத்து வாசியுங்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது. விலையைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள் பாக்கி. கிப்ஸன் பூசுவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டால் அது உருகிக் கறை பிடித்துவிடும். ஸ்டாண்ட் அதற்குத் தோதானது என்று தெரியாதவரை பருத்தித் துணி சுற்றி வையுங்கள், இல்லையென்றால் பெட்டியிலேயே இருக்கட்டும். அப்புறம், உங்கள் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே எந்த நாப்பில் என்ன இணைந்திருக்கிறது என்று ஆசைதீரப் பாருங்கள், அது உங்களுக்குப் பாதிப் பயிற்சி. சால்டரிங் அயர்னை மட்டும் வாரண்டி முடிகிறவரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அன்புடன்.