டாக்டர் இடதுகைக்காரர் என்றால் இடுப்பு டிஸ்ப்ளாசியா ஆபரேஷன் பாதிக்குமா?

உங்களுக்கு இடுப்பு டிஸ்ப்ளாசியா, அதாவது இடுப்பு மூட்டின் கிண்ணம் தொடை எலும்பின் தலையைச் சரியாக மூடாத குறைபாடு. வலது இடுப்பில் ஆபரேஷன், டாக்டர் இடதுகைக்காரர். பயம் புரிகிறது. ஆனால் இதில் உண்மையான விஷயமும் கொஞ்சம் இருக்கிறது.

மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் வலது பக்கம் நின்றால், டாக்டரின் இடது கை தலைப்பக்கமும் வலது கை கால்பக்கமும் இருக்கும். எதிர்ப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். இந்தக் குறைபாட்டுக்கு 1980களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் என்ற டாக்டர் உருவாக்கிய முறையில், கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, தொடை எலும்பின் தலையை நன்றாக மூடும்படி கிண்ணத்தைத் திருப்பி, ஸ்க்ரூ போடுவார்கள். கீழ்ப்பகுதி வெட்டு கண்ணுக்குத் தெரியாது. வளைந்த உளியை ஒரு கை பிடிக்க, இன்னொரு கை சுத்தியலால் தட்டும்; உளி நிற்கும் இடத்தை எக்ஸ்ரே திரைதான் காட்டும். பக்கத்திலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு. பழகாத கோணம் இங்கேதான் சிரமம் தரும்.

மூட்டையே செயற்கையாக மாற்றும் வேறொரு ஆபரேஷனான முழு இடுப்பு மாற்று ஆபரேஷனில், பழகிய கைப்பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே கிண்ணம் பொருத்தும் கோணத்தில் சிறு வித்தியாசத்தைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதற்காக நோயாளி நொண்டுவார் என்று அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால், கையைவிட அனுபவம்தான் பெரிது. 'இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். இடதுகைக்காரர்கள் பாவம், வலதுகைக் கருவிகளோடு மல்லுக்கட்டியே பயிற்சி முடித்தவர்கள். பலருக்கு இரண்டு கையும் பழகியிருக்கும்.