நுகம் வைத்தால் படுத்துக்கொள்ளும் காளையை அடிக்காமல் பழக்க முடியுமா?

முடியும். அடித்துப் பழக்கிய மாடு அடிக்கிற ஆள் பக்கத்தில் இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

காங்கேயம் காளைக் கன்றுகள் ஒரு ஜோடி வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இரண்டு பல் போட்டவை, அதாவது பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைத்தவை. ஒன்று வண்டியில் ஒழுங்காகப் போகிறது. மற்றொன்று நுகத்தடியைப் பார்த்தாலே முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொள்கிறது. "சண்டி மாடு, வாலை முறுக்கினால் எழுந்துவிடும்" என்று ஊரில் சொல்கிறார்களாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வாலுக்குள் இருப்பது வரிசையான சிறு எலும்புகள். முறுக்கினால் கணு விலகும், உடையும். சந்தையில் வால் கோணலாகத் தொங்கும் வண்டி மாடுகளைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இப்படி முறுக்கியதால் வந்தது. வலி தாங்காமல் அன்றைக்கு எழுந்துவிடும். மறுநாள் நுகத்தோடு அந்த வலியும் அதற்கு ஞாபகம் வரும், இன்னும் சீக்கிரம் படுக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உழவு மாடு வைத்திருக்கிறோம். எங்கள் அப்பாரு (தாத்தா) கவலை ஓட்டியவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். கிணற்றிலிருந்து பறி என்ற பெரிய வாளியில் தண்ணீர் இறைக்க மாடுகள் சரிவில் இறங்கி இழுத்துவிட்டு, திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேலே வர வேண்டும். பின்பக்கம் பார்க்காமல் பின்னுக்கு நடக்க எந்த மாடும் தானாக ஒப்பாது. அதையே குரலாலும் கயிற்றாலும் பழக்கினார்கள் என்றால், முன்னால் நடக்கப் பழக்க அடி எதற்கு?

என் அனுபவத்தில், படுக்கிற மாட்டில் பெரும்பாலானவற்றுக்கு எங்கோ வலி இருக்கும், இல்லையென்றால் முதல் தடவையே பாரம் அதிகமாக ஏற்றியிருப்பார்கள். ஆகவே முதலில் கழுத்தைப் பாருங்கள். நுகம் உட்காருகிற இடம், திமிலுக்குச் சற்று முன்னால். கண்ணால் பார்த்தால் போதாது. காலையில், வேலைக்கு முன்னால், உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். மாடு தோலைச் சிலிர்த்தாலோ, தலையைத் தாழ்த்தி விலகினாலோ அங்கே நோவு இருக்கிறது. புண் வெடிப்பதற்கு முன்பே வீக்கமும் சூடும் வந்துவிடும், ரோமம் தேய்ந்து தோல் பளபளக்கும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கொஞ்ச நாள் ஓய்விலேயே ஆறிவிடும். சாக்கை மடித்து நுகத்துக்கு அடியில் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. வியர்வையில் சாக்கு நனைந்து சொரசொரத்து புண்ணைப் பெரிதாக்குமே தவிர ஆற்றாது. புண் ஆகிவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈ மொய்க்காமல் இருக்க நாங்கள் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுவோம்.

அடுத்து நுகத்தடி. அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். சிம்பு, முடிச்சு, ஆணித்தலை எதுவும் தட்டக்கூடாது. இரண்டு மாடும் ஒரே உயரமா என்றும் பாருங்கள். ஒன்று குட்டை என்றால் நுகம் சாய்ந்து பாரம் அதன் கழுத்துக்கே போகும். உங்களுடையதில் படுக்கிறது குட்டையானதா என்று எழுதவில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

வண்டியில் பாரம் வைக்கிற முறையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முன்பாரம் அதிகமானால் கழுத்து நசுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு, கழுத்தை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிறு கீழிருந்து தொண்டையை இறுக்கும், மாடு மூச்சுக்குத் திணறி நிற்கும். ஓட்டுகிறவன் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அது தெரியாது, "அடம் பிடிக்கிறது" என்று சாட்டையை எடுப்பான். பாரம் ஏற்றியதும் மாடு பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். கை கொஞ்சம் பாரத்தை உணர வேண்டும், அவ்வளவுதான். டயர் வண்டி சுலபமாக உருளும் என்பதால் அளவுக்கு மீறி ஏற்றத் தோன்றும். இறக்கத்தில் அதே வண்டி மாட்டைப் பின்னாலிருந்து தள்ளும். பழகாத கன்றுக்கு அந்தப் பயம் ஒரு தடவை போதும், பிறகு நுகத்துக்கே வராது.

வயதையும் சொல்ல வேண்டும். இரண்டு பல் என்றால் சுமார் இரண்டு வயது. பழக்க ஆரம்பிக்கச் சரியான வயதுதான், பாரம் இழுக்க இல்லை. நாலு பல் போட்ட பிறகு அரை வேலை, முன்வரிசையின் கடைப்பல் முளைத்த பிறகு முழு வேலை, அதாவது நாலு வயதுக்கு மேல். மூக்கு குத்திய இடம் முழுதாக ஆறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடுமூக்கின் குருத்தெலும்பைத் தொடாமல், அதற்கு முன்னால் உள்ள மெல்லிய சதையில்தான் குத்தியிருக்க வேண்டும். ஆறாத மூக்கில் கயிற்றைச் சுண்டினால், மாடு ஓட்டுகிறவன் கையைப் பார்த்தே மிரளும். காயடித்தது சமீபத்தில் என்றாலும் வீக்கம் வடியும்வரை வேலை கூடாது.

பழக்குகிற விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மனிதக் கை பழக வேண்டும். தினமும் கட்டுத்தரையில் முதுகு, கழுத்து, கால் எல்லாம் தேய்த்துவிடுங்கள். காலைத் தூக்கிக் காட்டுகிற பழக்கம் பின்னால் லாடம் அடிக்கும்போது உதவும். பிறகு வெறும் தலைக்கயிற்றில் நடை. போகச் சொல்ல ஒரு சத்தம், நிற்க ஒரு சத்தம், வீட்டில் எல்லோரும் அதே சத்தம். என்ன சத்தம் என்பது உங்கள் இஷ்டம், ஆளுக்கு ஆள் மாறக்கூடாது, அதுதான் முக்கியம். பிறகு நுகத்தை மட்டும் வைத்து, எதையும் பூட்டாமல், வயலில் சும்மா நடத்துங்கள். பிறகு ஒரு சிறு மரக்கட்டையை இழுக்கவிட்டு, கடைசியாகத்தான் வெறும் வண்டி.

இதில் பாதி வேலையைப் பழகிய கிழமாடு செய்துவிடும். அக்கம்பக்கத்தில் சாதுவான வண்டி மாடு இருந்தால் ஒரு மாதத்துக்குக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பூட்டுங்கள். அது நிற்கும்போது இதுவும் நிற்கும், லாரி சத்தத்துக்கு அது அசையாவிட்டால் இதுவும் அசையாது. எந்தப் பக்கம் பழக்குகிறீர்களோ அந்தப் பக்கமே கடைசிவரை. வலப்பக்கத்து மாட்டை இடப்பக்கம் பூட்டினால் தடுமாறும்.

தீனியையும் நேரத்தையும் விட்டுவிட முடியாது. மாடு நாளுக்கு ஆறேழு மணி நேரமாவது அசைபோட வேண்டும், அதற்குப் படுக்க இடமும் நிம்மதியும் வேண்டும். விடியற்காலையில் பூட்டி வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டமும் இதையேதான் சொல்கிறது: 1965-இல் வந்த இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணிவரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சியும் அதே விதிகளில் தடை. உங்களிடம் இருந்தால் ஆணியைப் பிடுங்கிப் போடுங்கள்.

லாடம் தார்ச்சாலையில் போகிற மாட்டுக்கு அவசியம், வயலோடு நிற்கிற மாட்டுக்குத் தேவையில்லை. பிளவுக் குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு. அதற்கு மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள். வயிறு நிறையத் தின்ற மாட்டைச் சாய்க்க விடாதீர்கள், வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்று, விற்றவரிடம் கோமாரி வந்து தேறிய மாடா என்று கேளுங்கள். தேறிய பிறகும் சில மாடுகளுக்கு வெயில் தாங்கும் சக்தி போய்விடும், கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட மாடு களைப்பில் படுத்தால் அதைச் சண்டி என்பது அநியாயம்.

உங்கள் மாட்டை இப்போதைக்கு வண்டியிலிருந்து முழுதாக விலக்குங்கள். கழுத்து, குளம்பு, மூக்கு மூன்றையும் மருத்துவரை வைத்துப் பாருங்கள். நோவு எல்லாம் ஆறிய பிறகு கன்றாக நினைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். நடுவில் படுத்தால் அடிக்காமல், கத்தாமல், நுகத்தைக் கழற்றிவிட்டு அது தானாக எழும்வரை நில்லுங்கள். எழுந்ததும் நாலு அடி நடத்தி அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். பொறுமை இழந்து கண்ணபுரம், அந்தியூர் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போய்விடாதீர்கள். படுக்கிற மாடு என்று தெரிந்தால் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்கிற விலை அடிமாட்டு விலையாகத்தான் இருக்கும். சில மாடுகள் சாலையின் இரைச்சலுக்குக் கடைசிவரை ஒத்துவராது, ஆனால் ஏரில் பூட்டினால் சால் பிசகாமல் போகும். உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் வண்டிக்கு வேறு மாடு பாருங்கள், இதை உழவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.