பேய்க்கதையை எந்தத் தட்டில் வைப்பது?

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகே ஒரு சிறு நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் வாங்கக் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் மாயக்கதையும் பேய்க்கதையும் கேட்கிறார்கள், பெண்கள் சமையல் நூல் கேட்கிறார்கள். அண்மையில் வந்தவற்றில் எதை வாங்கலாம், எந்தத் தட்டில் வைக்கலாம்? இதெல்லாம் இலக்கியமா என்று கமிட்டியில் ஒருவர் முகம் சுளிக்கிறார்.

க.

அன்புள்ள தம்பி,

முகம் சுளிப்பவரிடம் ரோதை முனியை நினைவூட்டுங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கே காவல் தெய்வம் வைத்தவர்கள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கும் ஒரு சாமியைக் கும்பிட்டவர்கள், காமன் கூத்தில் ரதியோடு சேர்ந்து அழுகிறவர்கள் நாம். அவரும் சின்ன வயதில் முனிக்குப் பயந்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலைத் தாண்டாமல் இருந்திருப்பார்.

முதலில் வஜ்ர சந்திரசேகரவின் 'த செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). நெபுலா விருது பெற்ற நாவல், எழுதியவர் கொழும்புக்காரர். பிள்ளை பிறந்த கணமே தாய் அதன் நிழலைப் பெரிய பித்தளை ஆணியால் தரையில் அறைந்து, உடலிலிருந்து பிய்த்தெடுக்கிறாள். தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். ஆணி அடித்துப் பேயை மரத்தில் கட்டும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? பின்பாதி கொஞ்சம் சுற்றி வளைக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஷெஹான் கருணாதிலகவின் புக்கர் பரிசு நாவலான 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேடா'வை (2022) பெரியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். செத்துப்போன புகைப்படக்காரன் ஒருவன் மறுவுலகில் கண்விழித்தால், அங்கேயும் வரிசை, அங்கேயும் படிவம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த அலைந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

பேய்க்கு அமண்டா ஜயதிஸ்ஸவின் 'ஐலண்ட் விட்ச்' (2024). பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கைக் கிராமம், பேயோட்டும் கப்புவாவின் மகள், காட்டில் தாக்கப்படும் ஆண்கள். ஊரார் யாரைச் சந்தேகிப்பார்கள் என்பதை நம் வாசகர்கள் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள், ஆனாலும் கீழே வைக்க மாட்டார்கள்.

மூன்றும் ஆங்கிலம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியிடம் முதலில் கொடுங்கள். சனிக்கிழமை மாலையில் அவள் ஓர் அத்தியாயத்தைத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். சுவையான இடத்தில் நிறுத்தச் சொல்லிவையுங்கள். தமிழிலேயே வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' இருக்கிறது. புதியதல்ல, ஆனால் பயம் பழசாகவில்லை.

சமையல் நூல்தான் சிக்கல். சிந்தியா சண்முகலிங்கம் லண்டனிலிருந்து எழுதிய 'ரம்புட்டான்' (2022) அருமையான நூல், படங்களைப் பார்த்தாலே பசிக்கும். ஆனால் தேங்காய் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வரும் ஊரில், குறிப்புக்குக் குறிப்பு தேங்காய்ப்பால் கேட்கும் நூலை மாயக்கதைத் தட்டில்தான் வைக்க வேண்டும்! ஒரு பிரதி போதும், வீட்டுக்குக் கொடுக்காமல் நூலகத்திலேயே பார்க்க வையுங்கள். மிச்சப் பணத்தில் முகிலின் 'உணவு சரித்திரம்' வாங்குங்கள். செய்முறை தேடி வருகிறவர்களை அது ஏமாற்றும்தான். ஆனால் நம் சம்பலை மிளகாய் இல்லாமல் நினைக்க முடியுமா? அந்த மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. இப்படி ஒரு செய்தியை ரொட்டி தட்டிக்கொண்டே பேசலாம்.

தட்டு பற்றிக் கேட்டீர்களே. சமையலை நூலக வகைப்பாட்டின் 641.5 என்ற எண்ணில் வையுங்கள், தேடி வருவார்கள். பேய்க்கதைகளை மட்டும் எண் பார்த்து உள்ளே தள்ளாமல், வாசலருகே அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். கமிட்டிக்காரர் இரவல் வாங்கினால் எனக்கு எழுதுங்கள்.