பழைய சிறிய விமானங்களை ஓட்டிய அனுபவம் எப்படி இருந்தது? அவற்றை நம்பி எப்படிப் பறந்தீர்கள்?

நான் 1966 இல் மீனம்பாக்கத்தில் பறக்கக் கற்றேன். முதலில் டைகர் மாத், அடுத்து புஷ்பக். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றேன். என் லாக் புக்கில் உள்ள மொத்தக் கணக்கில் சிறிய விமானங்களின் பங்கு அறுநூறு மணி நேரம்கூட வராது. ஆனாலும் பறப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த அறுநூறு மணி நேரத்தில் வந்ததுதான். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

டைகர் மாத், டி ஹாவிலண்ட் நிறுவனம் 1931 இல் இங்கிலாந்தில் பறக்கவிட்ட இரட்டை அடுக்கு இறக்கை விமானம். 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் என்ஜின், மரத்தாலான இறக்கைச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தத் துணிக்கு டோப் என்னும் ஒரு வகை வார்னிஷ் பூசுவார்கள். அது காய்ந்து சுருங்கும்போது துணி தவிலின் தோல்போல விறைத்துக்கொள்ளும். விரலால் தட்டினால் டொம்மென்று கேட்க வேண்டும், சத்தம் மங்கினால் துணி தளர்ந்துவிட்டது என்று பொருள். புதிதாக டோப் பூசிய நாளில் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகை முழுவதும் வாழைப்பழ எசன்ஸ் வாசனை அடிக்கும். இன்றும் எங்காவது அந்த எசன்ஸ் வாசனை வந்தால் ஒரு கணம் ஹேங்கர் வாசலில் நிற்கிறேன்.

அதைக் கிளப்புவதே ஒரு சடங்குதான். ஸ்டார்ட்டர் கிடையாது. என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே, புரொப்பெல்லர் அருகில் நிற்பவர் கண்ணில் படும்படி இருக்கும், ஏனென்றால் அவர் உயிர் அதில் இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் முன்னால் நின்று, "சுவிட்ச் ஆஃப்! பெட்ரோல் ஆன்! த்ராட்டில் குளோஸ்!" என்று கூவுவார். த்ராட்டில் என்பது என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி. நான் ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். புரொப்பெல்லரை நாலைந்து முறை மெதுவாகச் சுற்றி என்ஜினுக்குப் பெட்ரோலை இழுக்க வைப்பார். பிறகு "கான்டாக்ட்!" நான் சுவிட்சைப் போட்டுவிட்டு அதே சொல்லைக் கூவுவேன். அவர் விரல்களை மடக்காமல், உள்ளங்கையால் மட்டும் இழுத்துவிட்டு, அந்த வேகத்திலேயே பின்னால் நகர்ந்துவிடுவார். விரலை மடக்கிப் பிடித்தால், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது விரல் போய்விடும். எனக்கு அதைக் கற்றுத் தர அவர் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கினார். அதுவரை விமானத்தில் ஏறவே விடவில்லை.

பிரேக் கிடையாது. வாலில் சக்கரமும் கிடையாது, தரையில் தேய்ந்துகொண்டு வரும் ஒரு முட்டுதான். தரையில் நிற்கும்போது மூக்கு மேல்நோக்கி இருப்பதால் முன்னால் எதுவும் தெரியாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஓட்டிப் போக வேண்டும். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் உட்கார வேண்டும், எடை அங்கே இருந்தால்தான் சமநிலை சரியாக இருக்கும். பெட்ரோல் டேங்க் மேல் இறக்கையின் நடுவில், நம் தலைக்கு முன்னால். அதன் மேல் நிற்கும் கண்ணாடிக் குழாயில் ஒரு மிதவைக் கம்பி ஏறி இறங்கும். பெட்ரோல் அளவு காட்டும் கருவி அவ்வளவுதான். அது பழுதாகி நான் பார்த்ததில்லை.

என் பயிற்சியாளர் விமானப்படையிலிருந்து வந்தவர். முன் இருக்கையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வழியாகத்தான் பேசுவார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஒருநாள் புறப்படுவதற்கு முன் என் வேகமானியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார். "சார், வேகம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கம்பிகள் சொல்லும் தம்பி, காதைக் கொடு" என்றார்.

மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இணைத்துக் கட்டிய கம்பிகளைத்தான் சொன்னார். த்ராட்டிலை மூடி மிதந்து இறங்கும்போது காற்று அவற்றின் ஊடே புகுந்து ஒரு சுருதி எழும்பும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். இறங்கி இறங்கிக் கம்பிகள் மௌனமாகிவிட்டால் விமானம் மிதக்கும் திறனை இழக்கப் போகிறது, உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். மூன்று வாரத்தில் எனக்கு அந்தச் சுருதி பிடிபட்டுவிட்டது. காகிதத்தை எடுத்த பிறகும் நான் முள்ளைப் பார்க்க மறந்துதான் போனேன்.

அடுத்தது கால். விமானத்தை இடப்பக்கம் சாய்த்தால் அது இடப்பக்கம் திரும்பும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த விமானங்களில் சாய்த்த உடன் மூக்கு முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். மேலே போகும் இறக்கையின் பின்விளிம்புப் பலகை கீழே இறங்கிக் கூடுதலாகக் காற்றைத் தடுப்பதுதான் காரணம். அதை ஈடுகட்ட, வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியைக் காலால் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இருக்கையில் உடம்பு ஒரு பக்கமாக வழுக்கும். அந்த வழுக்கல் நின்றால் திருப்பம் சரி. பெரிய ஜெட்களில் இந்த வேலையைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன, விமானியின் கால்கள் வானத்தில் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கால் தூங்கிய விமானிகளோடு நான் பறந்திருக்கிறேன். பக்கக் காற்றில் தரையிறங்கும்போது அது தெரிந்துவிடும்.

புஷ்பக் நம் நாட்டு விமானம். பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் உருவாகி 1958 இல் முதலில் பறந்தது. ஒற்றை இறக்கை, மூடிய காக்பிட், பக்கத்தில் பக்கமாக இரண்டு இருக்கைகள், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் என்ஜின். நாடெங்கும் ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் கற்றார்கள். மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் பறக்கும். திருச்சிக்குப் போவதென்றால் ரயில் பாதைதான் எங்கள் வழிகாட்டி. செங்கல்பட்டில் பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரி, பிறகு விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தெரிந்துவிட்டால் வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம். பிற்காலத்தில் ஒருமுறை, எதிர்க்காற்று பலமாக அடித்த நாளில், கீழே வைகை எக்ஸ்பிரஸ் வெகுநேரம் என் இறக்கைக்கு அடியிலேயே ஓடி வந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கையசைத்தார்கள். நானும் இறக்கையை அசைத்தேன்.

நம்பி எப்படிப் பறந்தீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு உண்மையான பயம் வந்தது ஒரு டிசம்பர் காலையில். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது, காற்றில் ஈரம் கனத்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலே த்ராட்டிலைக் குறைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். என்ஜின் சுற்று மெல்ல மெல்ல விழுந்தது. பிறகு கைப்பிடி வரை நடுக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்துவிட்டது. சென்னையில் பனிக்கட்டியா என்று நீங்கள் கேட்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான வாயில் விரியும்போதும் உள்ளே வெப்பம் இருபது, முப்பது டிகிரி சடாரென்று இறங்கும். ஈரக் காற்று அங்கேயே உறைந்து மூச்சை அடைத்துவிடும். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே சூடான காற்றைத் திறந்துவிட வேண்டும். நான் திறக்கவில்லை, தவறு என்னுடையது.

சூடான காற்றைத் திறக்கும் குமிழை முழுவதும் இழுத்தேன். என்ஜின் சீராவதற்குப் பதில் இன்னும் மோசமாக இருமியது. உருகிய தண்ணீரை அது விழுங்கியாக வேண்டும், அதற்குச் சில நொடிகள் பிடிக்கும். பதற்றத்தில் குமிழைத் திருப்பித் தள்ளிவிடத்தான் கை துடிக்கும். தள்ளினால் கதை முடிந்தது. "இழுத்தால் இழுத்ததுதான்" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் குமிழைப் பிடித்தபடியே இறங்குவதற்கு இடம் தேடினேன். மே மாதமாக இருந்திருந்தால் வறண்ட ஏரிப் படுகைகள் எத்தனையோ கிடைத்திருக்கும். டிசம்பரில் எங்கும் தண்ணீர் தேங்கிய வயல், வரப்பில் பனைமரங்கள், தாழ இறங்கும் வரை கண்ணுக்குத் தெரியாத கிணறுகள். பத்து நொடி இருக்கும். என்ஜின் இரண்டு முறை பலமாக வெடித்து, பிறகு முன்போல ஓடத் தொடங்கியது.

என்ஜின் நின்றே போயிருந்தாலும் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விமானங்கள் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வாக்கில் தரையைத் தொடுபவை. அந்த வேகத்தில் ஒரு சிறிய வயலே போதும். எங்கள் நம்பிக்கை என்ஜின் மேல் இருந்ததைவிட அந்த மெதுவான இறக்கத்தின் மேல்தான் அதிகம் இருந்தது.

ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத், டைகர் மாத்தின் அக்காள் முறை. அந்தத் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982 இல், டாடா தமது 78 ஆம் வயதில் ஒரு லெப்பர்ட் மாத்தில் அதே கராச்சி மும்பை வழியைத் தனியாகப் பறந்து காட்டினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது நான் ஜெட் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த விடுமுறையில் கிளப்புக்குப் போய், மிச்சமிருந்த புஷ்பக் ஒன்றைக் கேட்டேன். கொடுத்தார்கள்.

முதல் இறக்கத்தில் துள்ளிவிட்டேன். ஜெட்டின் உயரத்துக்குப் பழகிய கண், தரையை எதிர்பார்த்த இடம் வேறு. இரண்டாவது சுற்றில் த்ராட்டிலை மூடியதும் கால்கள் தாமாகவே சுக்கானைத் தேடிப் பிடித்துக்கொண்டன. வால் சக்கரமும் முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. லாக் புக்கில் அந்த நாளுக்கு நேரே முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் புஷ்பக் இல்லை.