விண்டோஸ் 10 நின்ற பிறகு என்ன வாங்குவது? கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மனைவி அதில் டேலி கணக்கு மென்பொருள் பழகுகிறார். பிள்ளைகளின் பாடங்களை கேனான் எல்பிபி 2900 பிரிண்டரில் அச்செடுக்கிறோம். சர்வீஸ்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் போதும் என்கிறான் அண்ணன் மகன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் நின்றது விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் பணம் கேட்பதில்லை.

விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆறாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் அதை பயாஸிலேயே (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) இயக்கிக்கொள்ளலாம். தடை பிராசசரில்தான்: இன்டெல் என்றால் மிகப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கிறது. சோதனையைத் தாண்டி ஏற்றித் தரும் கடைகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 இந்தக் கணினியில் நன்றாகவே ஓடும், 2029 வரை திருத்தங்கள் வரும். தடை இரண்டு. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. எல்பிபி 2900, பக்கத்தைக் கணினியிடமே தயார் செய்யச் சொல்லி, கேனானின் தனி மொழியில் வாங்கிக்கொள்ளும் ரகம். லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரிய சுற்று. ஹெச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

ஆகவே டேலி பயிற்சி முடியும் வரை விண்டோஸ் 10-ஐ நீட்டிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மின்டை நிறுவாமலே பழகலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து (அதில் உள்ளதெல்லாம் அழியும்), மின்ட் ஐ.எஸ்.ஓ. கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து, திரை ஒளிரும் முன்பே பூட் மெனு (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ, கிகாபைட் போர்டுகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்.எஸ்.ஐ.யில் எஃப்11. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும், அதை வைத்து லினக்ஸின் வேகத்தை எடைபோடாதீர்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, உங்கள் வேர்ட் கோப்புகள் மின்டில் உள்ள லிப்ரெஆஃபிஸ் மென்பொருளில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர்கள் சில பிடிக்காது. அப்போது கைபேசியைக் கேபிளால் இணைத்து யூ.எஸ்.பி. டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். டெஸ்க்டாப்பில் தெரியும் 'இன்ஸ்டால்' ஐகானை மட்டும் தொடாதீர்கள். அதற்குள் 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்து, பிள்ளைகளின் படங்களோடு விண்டோஸையும் இழந்தவர்கள் உண்டு.

எதை வைத்துக்கொண்டாலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதே இணைப்பில் பொருந்தும் வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள். இந்த வயதுக் கணினியில் ரேமை விட அதுதான் கைமேல் பலன் தரும் செலவு.

கேள்வி: மகள் கல்லூரியில் கணினி படிக்கப் போகிறாள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அடிப்படை தெரிய வேண்டும் என்கிறாள். மூன்று கணினி வாங்கவா முடியும்?

பதில்: ஒன்று போதும். 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினி போல் நடிக்கும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் லினக்ஸை ஓட்டலாம். லினக்ஸுக்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி இடமும் ஒதுக்கினால் போதும். ஓடவில்லை என்றால் பயாஸில் 'விர்ச்சுவலைசேஷன்' அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினி அல்லாததில் ஓட்ட அதன் உரிமம் இடம் தருவதில்லை. அதைக் கல்லூரி ஆய்வகத்திலோ நண்பர்களிடமோ சில மணி நேரம் பழகினாலே அடிப்படை பிடிபடும்.

கைத்தடுமாற்றம் எல்லோருக்கும் சில இடங்களில்தான் வரும். விண்டோஸில் சி, டி என்று டிரைவ்கள். லினக்ஸில் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும், பென் டிரைவும் அதில் ஒரு கோப்புறையாகவே சேரும். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் எழுதிய நிரல் லினக்ஸில் கோப்பைக் காணோம் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். மேக்கில் சன்னலை மூடினாலும் செயலி ஓடிக்கொண்டே இருக்கும், கமாண்ட்-க்யூ அழுத்த வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) கன்ட்ரோல்-சி நகலெடுக்காது, ஓடும் நிரலை நிறுத்திவிடும். நகலெடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தவும்.

கேள்வி: அசெம்பிள் கணினிக்கு "விண்டோஸ் ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' மூலம் இயக்கப்பட்டதாக ஆங்கிலத்தில் வந்தால், அது அலுவலகங்களுக்கான முறை. 180 நாளுக்குள் புதுப்பித்தே ஆக வேண்டும். வீட்டுக் கணினியில் அந்த வாசகம் வந்தால் பெரும்பாலும் திருட்டுக் கருவி வேலை செய்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கருவிகள் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே வருகின்றன, அதுதான் பெரிய ஆபத்து. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் ஆக்டிவேஷன் கீகளும் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம்.

உரிமம் வாங்கினால் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். கணினியோடு சேர்த்து வரும் ஓ.இ.எம். உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, போர்டு மாறினால் போய்விடும். தனியாக விற்கும் ரீடெயில் உரிமத்தை அடுத்த கணினிக்கு மாற்றலாம். 'டாஸ்' என்று போட்டு விலை குறைத்து விற்கும் கணினியில் வேலைக்கு உதவும் இயங்குதளம் எதுவும் இருக்காது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் அது நல்ல பேரம்.

கேள்வி: ஆப்பிளின் எம்4 மேக் மினி வாங்கினால் பழைய ஹார்ட் டிஸ்கும் தமிழ்க் கோப்புகளும் வேலை செய்யுமா?

பதில்: டிஸ்க் விண்டோஸின் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் மேக் படிக்கும், எழுதாது. உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். மினியில் பழைய அகலமான யூ.எஸ்.பி. துளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் டைப்-சி. கன்வர்ட்டர் வாங்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸும் பெட்டியில் வராது. ரேமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

தமிழ்99, அஞ்சல் என்ற தமிழ் விசைப்பலகை முறைகள் இரண்டும் மேக்கிலும் விண்டோஸ் 11-லும் உள்ளேயே இருக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் தட்டிய கோப்புகள் எங்கும் அப்படியே திறக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து மேக்கில் நிறுவுங்கள். பழைய கணினியை விற்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.