பணக்கார நாட்டில் வீடில்லாதவர்கள்: நன்னிலத்து அக்காவிடம் கேட்டவை

அக்காவுக்குச் சொந்த ஊர் நன்னிலம் பக்கம். நியூயார்க்கில் வீடிழந்த குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் பல வருஷம் கேஸ் ஒர்க்கராக (உதவி கேட்டு வருபவர்களின் விவரம் கேட்டு வழிகாட்டும் ஊழியர்) இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வந்தவர்களும், போகாமல் வீடியோவில் பார்த்தவர்களும் டெல்டாவின் பல ஊர்களிலிருந்து கேட்ட கேள்விகளும் அவருடைய பதில்களும் இங்கே.

கேள்வி: மகனைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போயிருந்தோம். கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கீழேயே டென்ட் போட்டுப் படுத்திருக்கிறார்கள். அவ்வளவு பணம் புரளும் நாட்டில் இது எப்படி? எல்லாம் குடியும் போதையும் செய்கிற வேலை என்கிறான் மகன். (கொரடாச்சேரி, ஓய்வுபெற்ற தபால்காரர்)

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வதை அந்த ஊரிலேயே பாதிப் பேர் சொல்வார்கள். போதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டென்டில் நீங்கள் பார்த்தவர்களில் பலருக்கு அது இருந்திருக்கும். ஆனால் போதை மருந்தால் ஆள் சாகும் விகிதத்தில் பல வருஷம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது மேற்கு வர்ஜீனியா. ஏழை மாநிலமும்கூட. அங்கே வீடில்லாதவர் விகிதம் நாட்டுச் சராசரியைவிட நன்றாகக் குறைவு. மிசிசிப்பி அதைவிட ஏழை, அங்கே இன்னும் குறைவு. சம்பளம் கொழிக்கிற கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் சியாட்டிலிலும்தான் கூட்டம். காரணம் வாடகை. போதைக்காரர் மேற்கு வர்ஜீனியாவிலும் இருக்கிறார். அங்கே அவருக்கு ஓர் ஓட்டை வீடாவது கட்டுப்படியாகிறது, அவ்வளவுதான்.

முன்பு பெரிய நகரங்களில் ஒற்றை அறை லாட்ஜுகள் நிறைய இருந்தன. திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி: ஒரு கட்டில், பொதுக் கழிப்பறை, வாரத்துக்கு இவ்வளவு. தனியாள், வயதானவர், குடிகாரர், மனநிலை சரியில்லாதவர் எல்லோரும் அதில் ஒண்டிக்கொண்டார்கள். நகரத்தைச் சீர்படுத்துகிறோம் என்று 1970-களில் அவற்றை இடித்தும், வசதியானவர்களுக்கான ஃபிளாட்டாக மாற்றியும் தீர்த்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் பெரிய மனநல மருத்துவமனைகளும் காலியாயின. 1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் அதற்குப் பதிலாக ஊர்தோறும் சிறு மையங்கள் வரும் என்றது. சொன்னதில் பெரும்பகுதி வரவேயில்லை. 1980-களில் வீட்டு மானியத்தையும் வெட்டினார்கள். நீங்கள் பார்த்த டென்ட் வரிசைக்கு இவ்வளவு பின்கதை இருக்கிறது.

2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் நாடு முழுக்க வீடில்லாதவர் 7,71,480 பேர். தெருவிலும் டென்டிலும் காரிலும் இருந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மீதிப் பேர் காப்பகங்களில். காலையில் காப்பகத்தில் குளித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சூப்பர் மார்க்கெட் யூனிஃபார்மில் வேலைக்குப் போகிற பெண்ணை உங்கள் மகன் தினமும் கடந்துதான் போயிருப்பார். அவளைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

கேள்வி: காரிலேயே படுத்துத் தூங்குகிறவரை வீடியோவில் காட்டுகிறார்கள். கையில் ஸ்மார்ட்போன் வேறு. கார் வைத்திருப்பவர் எப்படி அக்கா ஏழை? (திருத்துறைப்பூண்டி)

பதில்: தம்பி, அங்கே பல ஊர்களில் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. அதனால் வாடகை கட்ட முடியாதவர் வீட்டை முதலில் விடுவார், காரைக் கடைசியில்தான் விடுவார். ராத்திரி நிறுத்த இடம் தேடுவதே தனிப் பாடு. சாந்தா பார்பராவில் 2004-ல் தொடங்கிய ஏற்பாட்டில், வேலை நேரம் முடிந்த பிறகு சில வண்டி நிறுத்துமிடங்களை இவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். போன் இல்லாவிட்டால் வேலைக்கு அழைப்பு வராது, காப்பகத்தில் இடம் காலி என்கிற தகவலும் வராது. ஏழைகளின் தொலைபேசிக் கட்டணத்துக்கு அந்த அரசு 1985-லிருந்தே மானியம் தருகிறது.

வறுமைக் கோட்டையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 31,200 டாலர். ரூபாயில் பெருக்கினால் இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டும். அப்படிப் பெருக்கித்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. நியூயார்க்கில் மாதம் 2,000 டாலருக்குள் ஒரு குடும்பம் இருக்க வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 24,000 அதற்கே போய்விட்டது. மிச்சம் 7,200-ல் நாலு பேர் சாப்பாடு, பஸ், துணி, மருந்து.

இந்தக் கோட்டின் கதை எனக்குப் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் தொடக்கத்தில் மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் போட்ட கணக்கு இது. அன்றைக்குக் குடும்பங்கள் வரும்படியில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. ஆகவே சிக்கனமான சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். பிறகு விலைவாசிக்குத் தக்கபடி ஏற்றிக்கொண்டே வந்தார்களே தவிர அடிப்படை மாறவில்லை. இன்று அங்கே சோறு மலிவு, கூரை விலை அதிகம். போதாததற்கு மிசிசிப்பிக் கிராமத்துக்கும் நியூயார்க்குக்கும் ஒரே கோடு.

கேள்வி: அங்கே பிச்சைக்காரருக்கும் டாலரில் விழுகிறது. நம் ஊர் கணக்குப் பிள்ளையைவிட வசதி! (பாபநாசம்)

பதில்: அவர் டாலரில்தான் செலவும் செய்கிறார் சார்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளையையும் அமெரிக்காவில் வீடில்லாத பிள்ளை என்று கணக்கு வைக்கிறார்களாமே, உண்மையா? அப்படியென்றால் என் வகுப்பில் கால்வாசி தேறும். (வலங்கைமான்)

பதில்: உண்மை, டீச்சர். 1987-ல் வந்த சட்டப்படி, வீட்டை இழந்து வேறு வழியில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளை பள்ளிக் கணக்கில் வீடில்லாத பிள்ளை. அந்தப் பிள்ளை முகவரிச் சான்று இல்லாமலே சேரலாம். பழைய பள்ளியிலேயே தொடர்ந்து படிக்க வண்டிச் செலவும் தருவார்கள். இப்படிப்பட்ட மாணவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆனால் ஜனவரி இரவுக் கணக்கு எடுக்கிற வீட்டு வசதித் துறைக்கு அதே பிள்ளை வீடுள்ள பிள்ளை! ஒரே அரசாங்கம், ஒரே பிள்ளை, இரண்டு கணக்கு. உங்கள் வகுப்பில் பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைகள் எல்லாம் இதில் வராது. வீடு போனதால் வந்த பிள்ளையா என்பதுதான் கேள்வி.

நியூயார்க்கில் காப்பகம் கேட்டு வரும் குடும்பம் கடந்த இரண்டு வருஷம் எங்கெங்கே தங்கியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி என் மேசையில் உட்கார்ந்து எழுதினாள்: அக்கா வீட்டுச் சோபா, சிநேகிதி வீடு, மறுபடி அக்கா வீடு, மாமியார் வீட்டுக் கூடம். ஒவ்வொரு இடத்துக்கும் தேதி வேண்டும். அவள் கைப்பைக்குள்ளிருந்து மருந்துக்கடை ரசீதுகளை எடுத்துப் பரப்பி, குழந்தைக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதை வைத்துத் தேதியைப் பிடித்தாள். பிறகு விசாரணைக்காரர் அந்த அக்காவுக்குப் போன் போட்டு, "தங்கச்சியைத் திரும்ப வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்பார். வைத்துக்கொள்ள முடியும் என்று அவர் முடிவு செய்தால் காப்பகம் கிடையாது. அக்காவுக்கோ பயம். குத்தகைப் பத்திரத்தில் இத்தனை பேர்தான் என்று இருக்கும். வீட்டுக்காரர் கண்டுபிடித்தால் அவளையும் சேர்த்து வெளியேற்றுவார். அங்கே உறவு இல்லை என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ரசீதுகள்தான் ஞாபகம் வரும்.

கேள்வி: அரசு ஒன்றுமே செய்யாதா? நமக்கு இருபது கிலோ அரிசியாவது தருகிறார்கள். (கும்பகோணம்)

பதில்: செய்கிறது. கோணல்மாணலாகச் செய்கிறது. உணவு அட்டைத் திட்டத்தில் 2024-ல் மாதம் நாலு கோடிப் பேருக்கு மேல் வாங்கினார்கள். ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு கார்டு, தேய்த்துக் காய்கறி, பால், இறைச்சி வாங்கலாம். சில விதிவிலக்கு தவிர, சூடான சமைத்த உணவு கூடாது. கடையில் சுடச்சுட இருக்கும் கோழியை வாங்க முடியாது. அதே கோழி ஆறிக் குளிர்பெட்டிக்குப் போனால் வாங்கலாம். அடுப்பே இல்லாதவருக்கு இந்த விதி! ஒரு நல்லது சொல்ல வேண்டும்: அந்தக் கார்டு வாங்க வீட்டு முகவரி கட்டாயமில்லை. நம் ரேஷன் கார்டு முகவரியோடு பிறந்தது. தெருவில் இருப்பவர் அதை வாங்க அலைய வேண்டிய அலைச்சல் உங்களுக்கே தெரியும்.

நியூயார்க் நகரத்தில் வேறு போக்கிடம் இல்லாதவர் காப்பகம் கேட்டால் தந்தாக வேண்டும். 1979-ல் ஓர் இளம் வழக்கறிஞர் போட்ட வழக்கில் 1981-ல் நகரம் ஒத்துக்கொண்ட ஏற்பாட்டிலிருந்து வந்தது அது. அதனால்தான் அங்கே வீடில்லாதவர் எண்ணிக்கை பெரிது, டென்ட் குறைவு. வாடகை மானியமும் உண்டு, ஆனால் தகுதியுள்ள நாலு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருப்போர் பட்டியலில்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்தவன். தெருவில் ஒருவரையும் பார்த்ததில்லை. ஆட்சி சரியாக இருந்தால் எல்லாம் சரியாகும்தானே? (முத்துப்பேட்டை)

பதில்: அரசே வீடு கட்டிக் கொடுத்ததில் சிங்கப்பூர் சாதித்தது உண்மை, ஐந்தில் நான்கு பேர் அரசு அடுக்ககங்களில் இருக்கிறார்கள். ஆனால் ஆதரவற்றவரைக் காப்பு இல்லத்தில் சேர்க்க அங்கே சட்டமே உண்டு. 2019-ல் வந்த ஆய்வுக் கணக்கு, இரவில் வெளியே படுப்பவர் ஆயிரம் பேர் போல என்றது. அதிகாரபூர்வ வறுமைக் கோடும் அங்கே கிடையாது. அப்புறம் தம்பி, நீங்கள் டார்மிட்டரியில் ஒரு அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் இவர்களைப் பற்றி ரொம்பக் கடுமையாகப் பேசுகிறார்களே, ஏன்? (மன்னார்குடி)

பதில்: நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். "நான் கையில் ஒன்றுமில்லாமல் வந்தேன், முன்னேறினேன், இவனுக்கு என்ன கேடு?" என்பார்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்தேன் என்பவர் பட்டப்படிப்போடு வந்தார், வேலை உத்தரவோடு வந்தார், விசா அதிகாரி சலித்து எடுத்த பிறகு வந்தார். ஊரில் அப்பா வயலை அடகு வைத்துப் படிக்கவைத்தார். படிப்பைப் பாதியில் விட்டவரும், மனநோய் வந்தவரும் அந்த விமானத்தில் ஏறவே இல்லை. அமெரிக்கர்களே இதில் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறார்கள்: அவரவர் செய்த தப்பு என்பவர் ஒரு பாதி, அமைப்பின் கோளாறு என்பவர் ஒரு பாதி. நம் பிள்ளைகள் முதல் பாதியோடு சீக்கிரம் சேர்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: போலீஸ் விரட்டாதா? (சீர்காழி)

பதில்: விரட்டும். 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊர் வழக்கில், பொது இடத்தில் படுப்பதற்கு அபராதம் போடலாம், காப்பகத்தில் இடம் இல்லாவிட்டாலும் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. நம்மிடமும் 1945-லிருந்து பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: சோழ வளநாடு சோறுடைத்து. நம் டெல்டாவில் யாராவது டென்டில் கிடக்கிறார்களா? குடும்பம் நம்மைக் காக்கிறது. அவர்களிடம் அது இல்லை. (நாகப்பட்டினம்)

பதில்: சோறுடைத்து, சரி. மனையுடைத்து என்று யாரும் பாடவில்லையே ஐயா. நம் தாத்தா காலத்தில் பண்ணையாள் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு என்பார்கள். கூலிப் போராட்டம் முற்றிய நேரத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குடியிருந்த மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. அதற்குப் பிறகும் நிலமில்லாதவர் நிலமில்லாதவராகவே இருந்ததால்தான் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தைப் பெண்கள் பேரில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அவர் வேலை செய்தது உங்கள் மாவட்டத்தில்தான்.

இன்றும் வாய்க்கால் கரையிலும் குளத்து மேட்டிலும் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2030-க்குள் குடிசையே இருக்கக் கூடாது என்று கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் பட்டா கேட்பார்கள். ஆற்றுப் புறம்போக்குக்காரர் எங்கே போவார்? 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கீற்றுக்கூரைகள் பறந்து, சனங்கள் நாள்கணக்கில் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் கிடந்தார்கள். கான்கிரீட் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

குடும்பம் காக்கிறது என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஏதாவது பெரிய பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பவர் பயணி. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, செருப்பைக் கழற்றி அட்டைக்கு அடியில் தலைப்பக்கம் செருகிக்கொண்டு படுப்பவர் அங்கேயே இருப்பவர். அவர்களில் பலருக்கு மகனும் மருமகளும் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். உறவு தானாகக் காக்கும் என்றால் 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் எதற்கு வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க வீடற்றவர் 17.7 லட்சம். உங்கள் கண்ணில் டென்ட் படவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: தீர்வு உண்டா? முதலில் குடியை விடட்டும், பிறகு வீடு கொடுக்கலாம் என்பதுதானே நியாயம்? (திருவாரூர், கல்லூரி மாணவர்)

பதில்: அப்படித்தான் ரொம்ப நாள் செய்தார்கள், பலர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் மாற்றிச் செய்தார்: முதலில் சாவி, பிறகு வைத்தியம், அதுவும் அவர் சம்மதித்தால். பெரும்பாலோர் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே தேசியக் கொள்கையாக வைத்துத் தெருவில் படுப்பவர்களை வெகுவாகக் குறைத்தது. ஹூஸ்டன் நகரம் 2011-க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைத்தது. குடி நின்றுவிடும் என்று நம்பிச் செய்யாதீர்கள், சிலருக்கு நிற்காது. வீடு நிற்கும். ஆனால் ஹூஸ்டனில் வாடகை மலிவு. சான் பிரான்சிஸ்கோவில் கொடுப்பதற்குச் சாவியே இல்லை, அங்கே கட்டினால்தான் உண்டு.

கேள்வி: அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போகிறேன். ரயில் நிலையத்தில் யாராவது கை நீட்டினால் என்ன செய்ய? பயமாக இருக்கிறது. (ஒரத்தநாடு, இல்லத்தரசி)

பதில்: பயப்பட ஒன்றுமில்லை அம்மா. கொடுக்க மனமிருந்தால் ஒரு டாலர் கொடுங்கள். இல்லையென்றால் முகத்தைப் பார்த்து "சாரி" என்று சொல்லிவிட்டு நடங்கள். பலர் ஆள் இருப்பதே தெரியாத மாதிரி போவார்கள், அதுதான் அவர்களுக்கு ரொம்ப உறுத்தும். கத்துகிறவர், தனக்குத்தானே பேசுகிறவர் என்றால் அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் மகளிடம் சொல்லிப் பக்கத்துக் காப்பகத்துக்குப் புது சாக்ஸ் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய துணி மூட்டை மூட்டையாக வரும், சாக்ஸ் மட்டும் எப்போதும் தட்டுப்பாடு.